கீழே வைக்க முடியாத கோப்பை

வாங்கிட்டியளா? ரெண்டு கையாலயும் பிடிங்க சார். இனி அதக் கீழ வைக்க முடியாது, பாத்துக்கிடுங்க. குடிச்சு முடிச்சாத்தான் வைக்கலாம். அதுக்குக் காலே கெடையாதுல்லா. வெறும் கோப்பையக் கவுத்தி வச்சா கோயில் மணி மாதிரி நிக்கும். உச்சியில காத்தாலை மாதிரி அந்தக் குட்டிக் காத்தாடியும் அதுக்கு ஏறுத சின்ன ஏணியும் நட்டமா நிக்கும். இப்பம் நிமித்தி ஊத்தியாச்சு, காத்தாடி அடியில தலகீழாத் தொங்குது. எங்கன வைப்பிய? வச்சா உருண்டுரும். பிராந்தி போனாப் போவட்டும், வெள்ளி நசுங்கிரும்.

குடிக்க மாட்டியளா? சரி, சும்மா வச்சுக்கிட்டு இருங்க. வந்த ஆளுக்கு ஊத்திக் குடுக்காம கோப்பையக் காட்டக்கூடாது, அது எங்க வீட்டு மொற. நானும் குடிக்கதில்ல. ஈரல் போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இனி ஒரு வாய் உள்ள போனா கஸ்பார் கொரையா நேரா கல்லறைக்குத்தான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எனக்கு ஒண்ணும் சிரிப்பு வரல.

பங்குச் சாமியாருதான உங்கள அனுப்புனாரு? அவராத்தான் இருக்கும். உலாந்தா நாட்டுல, அதான் டச்சுக்காரன் நாட்டுல, மியூசியத்துல வேலைன்னிய. ஆனா தமிழாளு. ரொம்ப நல்லதாப் போச்சு. எனக்கு உங்களால ஒரு காரியம் ஆகணும் சார். அந்தா எதுத்த வீடு, நீலக் கதவு, தெரியுதா? அது எம் மவ மெட்டில்டா வீடு. பேரன் பொறந்து தவழுதான்னு ஊரு பூரா சொல்லுது. எனக்கு மொகத்தக் காட்ட மாட்டேங்கா. ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடல. நான் தெருவுல எறங்குனா அவ கதவு சாத்துத சத்தம் கேக்கும். நீங்க போயி ஒரே ஒரு வார்த்த சொல்லணும். இது தீர்ப்பு சொல்லுததுக்குன்னு உலாந்தா தட்டான் செஞ்ச கோப்பதான், உங்க அப்பன் இது சொன்னதத்தான் செஞ்சாரு, கூடவும் இல்ல கொறையவும் இல்லன்னு. நான் சொன்னா எடுபடாது. நீங்க படிச்சவுக, அவன் நாட்டுல இருந்து வந்தவுக.

என்ன தீர்ப்புன்னா கேக்கிய? எங்க சிலுவைத்துறை பழக்கம் சார் அது. காத்தாடிக்குப் பக்கத்துல ஒரு குழாய் நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அதுல வாய வச்சு ஒரே ஊது ஊதணும். காத்தாடி கிறுகிறுன்னு சுத்தும். அது நிக்கதுக்குள்ள கோப்பையில உள்ளதப் பூராக் குடிச்சுரணும். குடிச்சுட்டா அவன் மேல குத்தம் இல்ல, வீட்டுக்குப் போவலாம். குடிக்க முடியலைன்னா? காத்தாடி நெத்தியில கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் இருக்கு பாருங்க, ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும். ஊதும்போது அதுல உள்ள ஊசியும் சுத்தும், எதுல நிக்குதோ அத்தன அடி. அந்தா சொவத்துல தொங்குதே, திருக்கைவாலு, காஞ்ச மீனு வாலு, அதால. சாட்டை கீறும், திருக்கைவாலு பிய்க்கும். அடிக்கது கொரையா குடும்பம். எங்க பாட்டன், எங்க அய்யா, இப்பம் நான். வேற ஒருத்தன் அத எடுக்கக்கூடாது.

ஆட்டாதிய சார், ஆட்டாதிய! கோப்பையச் சாய்ச்சா ஊசி ஓடும். நேரா நிமித்திப் பிடிங்க, பன்னெண்டு தரையப் பாத்து இருக்கணும். ஆங், அப்படித்தான்.

உங்களுக்கு நண்டுத் தட்டான் கதை தெரியுமா? விளிம்புல நண்டு முத்திரை அடிச்சிருக்குல்லா, அதனால அந்தப் பேரு. சொந்தப் பேரு எங்களுக்குத் தெரியாது. உலாந்தாக்காரன் தூத்துக்குடிய ஆண்ட காலத்துல கப்பல்ல வந்த தட்டான். அந்தக் காலத்துல எங்க துறையில சண்டைன்னா கத்திதான். மீன் அறுக்க கத்தியால மனுசன அறுப்பாக. ஒரு நாள் ஒருத்தன் கொடல அள்ளி வயித்துக்குள்ள திணிச்சுக்கிட்டே கரையில ஓடி வந்தத இந்தத் தட்டான் பாத்துட்டாரு. மணல்ல உக்காந்து அழுதாராம். அழுதுட்டு இதச் செஞ்சு எங்க மூப்பன் கையில குடுத்தாராம். இனிமே கத்தி வேண்டாம், அடி போதும். அதும் பன்னெண்டுக்கு மேல கூடாது. வட்டத்துல பதிமூணு இருக்கா பாருங்க. இல்லல்லா? அதுதான் சார் அந்த மனுசனோட எரக்கம். கல்லறைத் திருநாளுக்கு எங்க வீட்டுப் பெரியவுகளுக்கு மெழுகுதிரி ஏத்தும்போது நண்டுத் தட்டானுக்கும் ஒண்ணு ஏத்துவேன். அவரு நம்ம வேதமோ வேற வேதமோ, யாருக்குத் தெரியும். வெளிச்சம் எல்லாருக்கும் ஒண்ணுதான.

அவரு எரக்கப்பட்டாரு, ஆனா கோப்ப எரக்கப்படாது. முன்னாலயெல்லாம் கொஞ்சம் எளக்கமா இருந்துச்சு. ரெண்டு விழும், அஞ்சு விழும், ஒருத்தனுக்கு ஒண்ணே ஒண்ணு விழுந்து சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனான். பொறவு எங்க அய்யா காலத்துல ஊசி ஒடிஞ்சு போச்சு. எப்படின்னா, எங்க அய்யா கோவத்துல கோப்பைய எங்கம்மா மேல எறிஞ்சாரு. அவ நெத்தியில பட்டுத் தரையில விழுந்து ஊசி மொனை போயிட்டு. நெத்தியத் தச்சாச்சு. ஊசியத் தூத்துக்குடியில ஒரு பத்தர்ட்ட குடுத்தோம். ஈயத்த உருக்கி மொனையில பயறு கணக்கா வச்சு ஒட்டிக் குடுத்தாரு. நல்ல வேலை, இன்னைக்கும் விடல. அதுல இருந்து பாருங்க, கோப்ப ரொம்பக் கண்டிசனாப் போச்சு. யாரு தோத்தாலும் பன்னெண்டு. ஒண்ணு, ரெண்டுங்கிற பேச்சே கெடையாது. ஊருல பாவம் கூடிப்போச்சுல, அதான் கோப்பைக்குக் கோவம் வருதுன்னு அய்யா சொல்லுவாரு. சரிதான அவரு சொன்னது? இப்பம் பாவம் கூடித்தான போச்சு.

வியாகப்பன்னு எம் மருமகன். மெட்டில்டா மாப்பிள. போன வருசம் மேக்க இருந்து கச்சான் காத்து அடிக்க நேரம். நல்ல பயதான், கொறை சொல்லக்கூடாது. ஆனா ஒரு கொணம் உண்டு. எல்லாத்துக்கும் சிரிப்பான். நான் எதச் சொன்னாலும் "சரி மாமா"ன்னு சிரிச்சுட்டு அவன் நெனச்சதச் செய்வான். ஒரு நாள் எங்கிட்டயே கேக்கான், "எதுக்கு மாமா இந்தக் கோப்ப? சண்ட போட்ட ரெண்டு பேரும் உக்காந்து பேசுனாப் போதாதா?" எனக்கு உள்ள கொதிச்சுது. ஒக்காந்து பேசுனா தீந்திரும்னா எங்க பாட்டன் முப்பாட்டன்லாம் என்ன மடப்பயலுவளா?

அந்தக் கச்சான்லதான் பெலிக்ஸ் மச்சாதுன்னு ஒருத்தன், அவன் வலை அறுந்துச்சு. புது வலை, நடுவுல தார் தாராக் கிழிஞ்சு கெடந்துச்சு. வலை போடுத எடத்துக்காக முந்தின நாளு வியாகப்பனுக்கும் அவனுக்கும் வாய்ச் சண்ட. பொறவு யாரச் சொல்லுவான்? கரையிலயே வச்சு பெலிக்ஸ் வியாகப்பன் சட்டையப் பிடிச்சுட்டான். வாயில ரத்தம் வார அளவுக்குக் குத்து. வியாகப்பன் திருப்பி அடிக்கல. "நான் அறுக்கல அண்ணே, நான் அறுக்கல"ன்னு நிக்கான். நாந்தான் போயி வெலக்குனேன். வெலக்கிட்டு, கோப்பைய எடுத்துட்டு வாரேன், ஊரக் கூட்டுங்கன்னு சொன்னேன். யாரும் என்னையக் கேக்கல. நானாத்தான் சொன்னேன். மருமகன்னு ஒளிச்சு வச்சான்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்திரக்கூடாதுல்லா?

அவன் அப்பம் குடிய விட்டிருந்தான். மெட்டில்டா வயித்துல பிள்ள நின்னதும் மாதாகிட்ட வேண்டிக்கிட்டானாம், பிள்ள மொகம் பாக்க வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டேன்னு. அதச் சொல்லிக்கிட்டு நின்னான். "மாமா, தண்ணி ஊத்துங்க, குடிக்கேன். இது வேண்டாம்." தண்ணியில தீர்ப்பு சொல்லுததுக்கு இது என்ன கொழந்தைக்குப் புட்டிப்பாலா? அறுக்கலைன்னா என்னல பயம், ஏல குடின்னேன். விளிம்பு வரைக்கும் ஊத்துனேன். மத்தவனுக்கு ஊத்துததவிட ரெண்டு விரக்கட கூடவே ஊத்துனேன். சலுகை காட்டுனான்னு யாரும் சொல்லக்கூடாது பாருங்க.

ஊதுனான். நல்லாத்தான் ஊதுனான். காத்தாடியும் சுத்துச்சு. ஒரு வாய் உள்ள போனதும் ஓங்கரிச்சுட்டான். மறுபடி வாயில வச்சான், மூக்கு வழியா வந்துச்சு. காத்தாடி நின்னு போச்சு. கோப்பைய அவன் கையில இருந்து வாங்கி அப்படியே நிமித்திப் பிடிச்சு எல்லாருக்கும் காட்டுனேன். பன்னெண்டு.

அப்பம் அவன் ஒரு வார்த்த சொன்னான் பாருங்க. "மாமா, ஊசியப் பாருங்க. கனமா இருக்கு. ஊதாமலே பன்னெண்டுல விழுது." ஊரு பூரா நிக்கி சார். நண்டுத் தட்டான் செஞ்சத, எங்க முன்னோருங்க பிடிச்ச கோப்பைய, பொய்யிங்கான். புறங்கையால வாயில ஒண்ணு விட்டேன். ஒரு பல்லு தெறிச்சு மணல்ல விழுந்துச்சு. அது பன்னெண்டுல சேராது. அது மாமன் மருமகனுக்குக் குடுத்தது.

பொறவு வள்ளத்து விளிம்பப் பிடிச்சுக்கிட்டு நிக்க வச்சோம். சட்டையக் கழட்டுனதும் மொத அடி. மொத அடியில தோலு போவும், அது எல்லாருக்கும் போவும். நாலாவதுல சத்தம் மாறும். காஞ்ச தோலுல அடிக்க மாதிரி இல்லாம ஈரச் சாக்குல அடிக்க மாதிரி கேக்கும். ஆறாவதுல கையி நழுவி விழுந்தான். விழுந்தவன அடிக்கக்கூடாது, அது பாவம். நாந்தான் தூக்கி நிறுத்துனேன். நாந்தான் எங்கையால தண்ணி குடுத்தேன். அத யாரும் பேச மாட்டேங்காக பாத்தியளா? ஒம்பதாவது அடிக்கப் போவும்போது மெட்டில்டா ஓடி வந்தா. வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து அவன் முதுகு மேலயே விழுந்துட்டா. வீசுன வாலு நிக்குமா? அவ தோள்ல விழுந்துச்சு. ரவிக்க கிழிஞ்சு ரத்தம் வந்துட்டு. இது கணக்குல சேருமான்னு பெலிக்ஸ் கேட்டான். சேராதுன்னு சொன்னேன். அவ மேல விழுந்தது அவளோட, அவன் கணக்கு தனி. அவளப் பிடிச்சு அந்தப்பக்கம் தள்ளிட்டு மிச்சத்தக் குடுத்தேன். பன்னெண்டு. பதிமூணு இல்ல. சத்தியமா பதிமூணு இல்ல சார்.

திருக்கைவாலுல முள்ளு உண்டு. முள்ள எடுத்துட்டுத்தான் எண்ணெ போட்டு வப்போம், ஆனாலும் வெசம் கொஞ்சம் நிக்கும் போல. புண்ணு சீழ் வச்சுட்டு. காய்ச்சல்ல கெடந்து பெனாத்துனான். பாறையில வழுக்கி விழுந்தான்னு ஊரே ஒண்ணாச் சொல்லி ஆஸ்பத்திரியில சேத்தோம். செத்துப் போனான். போலீசு வந்துச்சு, பாறைன்னே சொன்னோம், போயிட்டாக.

பொறவு மழ விட்டதும் தெரிஞ்சுது, வலைய அறுத்தது அவன் இல்லன்னு. வேற துறைக்காரன் விசைப்படக வலை மேல ஏத்தி இழுத்துட்டுப் போயிருக்கான். அவனே சாயாக்கடையில பெருமையாச் சொல்லியிருக்கான். பெலிக்ஸ் எங்கிட்ட வந்து அழுதான். ஏம்ல அழுவுதன்னேன். வலைய யாரு அறுத்தான்னு கோப்ப கேக்கல. குடிக்க முடியுமான்னு கேட்டுச்சு. அவனால முடியல. அதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?

என்ன அப்படிப் பாக்கிய? கை வலிக்குதா? குடிச்சுட்டா எறக்கி வச்சுரலாம். வேண்டாம்னா பிடிங்க.

அடக்கம் முடிஞ்ச அன்னைக்கு மெட்டில்டா இந்த வீட்டுக்குள்ள வந்தா. தலைய விரிச்சுப் போட்டுட்டு. அழுவ வருதான்னு நெனச்சேன். நேரா போயி கோப்பைய எடுத்தா, பிராந்திய ஊத்துனா, எம் முன்னால நீட்டுனா. "ஊதுங்கப்பா"ன்னா. பொட்டப்பிள்ள சார்! கோப்பையப் பொம்பளையாளு தொடவே கூடாது. அடிக்குத ஆளு குடிக்கவும் கூடாது, கோப்பைய வச்சிருக்கவனுக்கே தீர்ப்பு சொன்னா பொறவு மொற எங்க நிக்கும்? அதத்தான் சொன்னேன். அவ நீட்டுன கையி நீட்டுன மாதிரியே நிக்கா. "ஊதுங்கப்பா. ஊதுங்கப்பா." நான் சத்தம் போடல. ஒரே ஒரு அறைதான். மாசமா இருக்காளேன்னு கன்னத்துலதான் அறைஞ்சேன். பிராந்தி பூரா அவ மேல கொட்டிட்டு. தொடைக்காமலே போனா. போனவதான். அதுக்குப் பொறவு எங்கிட்ட பேச்சு கெடையாது.

நியாயமா சார் இது? பெத்த அப்பன். தாயில்லாப் பிள்ளைன்னு எந் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சேன் அவள. கடலுக்குப் போயிட்டு வந்தா மொத மீனு அவளுக்குத்தான் சுடுவேன். ராத்திரியெல்லாம் அந்தப் பேரன் அழுவுதது இங்க கேக்கு. நான் எந்திச்சு உக்காந்துக்கிடுவேன். பல்லு மொளைக்கோ, வயித்து வலியோ. போயித் தூக்க முடியுமா? அதான் சொல்லுதேன், நீங்க போயிச் சொல்லுங்க. இது தீர்ப்புக் கோப்ப, செஞ்சவனே அப்படித்தான் செஞ்சான்னு. நம்பர்ல விழுந்தா அடிச்சுத்தான் ஆகணும், உங்க அப்பனுக்கு வேற வழி இல்லன்னு. நீங்க சொன்னா நம்புவா.

என்ன?

திரும்பச் சொல்லுங்க, காதுல சரியா விழல.

நண்டு முத்திரைக்காரன் அவன் ஊர விட்டு எங்கயும் வரலையா? கப்பல்லயே ஏறலையா? அவன் பேரு, வீடு, தெருவு எல்லாம் உங்களுக்குத் தெரியுமா? இது மாதிரி நெறையச் செஞ்சு வித்தானா?

சரி. வராம இருந்துட்டுப் போவட்டும். அங்க இருந்தே செஞ்சு அனுப்பியிருப்பான். செஞ்சது தீர்ப்புக்குத்தான? அதச் சொல்லுங்க.

வெளையாட்டா?

என்ன வெளையாட்டு? கலியாண வீட்டுல, கூட்டாளிங்க கூடி இருக்க எடத்துல… ஊதிட்டு… முடிக்க முடியலைன்னா… அந்த நம்பரு… அத்தன கோப்ப? இன்னும் அத்தன கோப்ப குடிக்கணுமா? பன்னெண்டு விழுந்தா பன்னெண்டு கோப்பையா? அடி இல்லையா? அடின்னு எங்கயுமே இல்லையா?

சிரிக்கதுக்குச் செஞ்சதா இத?

ஏல, யாரப் பாத்துச் சொல்லுத நீ? எங் கையில இருக்கது என்னன்னு எங்க வீட்டுல வந்து உக்காந்து எனக்கே சொல்லுதியோ? எத்தன முதுகு இந்தக் கரையில கிழிஞ்சிருக்குன்னு தெரியுமால உனக்கு? அத்தனையும் சிரிக்கதுக்கா? அந்தத் திருக்கைவால எடுத்தேம்னா… உக்காருங்க. உக்காருங்க சார், எந்திக்காதிய. கோபத்துல பேசிட்டேன். மன்னிச்சுக்கிடுங்க. கோப்பைய நிமித்திப் பிடிங்க.

இந்தப் பேச்ச வெளிய எடுத்துட்டுப் போவாதிய. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன். சாமியாருட்ட ஏதாவது ஒண்ணு சொல்லிக்கிடலாம். என்ன? சாமியாரு அனுப்பலையா? பொறவு யாரு அனுப்புனா உங்கள?

மெட்டில்டாவா?

நீ எப்பம்ளா வந்த? வாசல்லயே நிக்கியே, உள்ள வா மக்கா. பிள்ளையக் கொண்டாரலையா? எவ்வளவு நாளாச்சு நீ இந்த வாசப்படி ஏறி. எல்லாம் கேட்டியா? இந்த சாரு ஏதோ புஸ்தகத்துல படிச்சதச் சொல்லுதாரு, அத விடு. கையில என்ன அது, பாட்டிலா? எதுக்கு இத்தன பாட்டில் பிராந்தி?

சார், அவ கேட்டா நீங்க குடுத்துருவியளா? குடுக்காதிய. சார், அத எங்கிட்ட நீட்டாதிய. மெட்டில்டா, கையப் பிடிச்சுத் திணிக்காதளா, சிந்திரும், பிடிச்சுக்கிடுதேன், பிடிச்சுக்கிடுதேன், விடு.

பிடிச்சுட்டேன்.

கீழ வைக்க முடியாதுல்லா இத. சார், வாங்கிக்கிடுங்க. ஏன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிய? அடின்னு சொல்லுங்க சார் அவகிட்ட. அடிதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஒரு கோப்பைக்கே நான் தாங்க மாட்டேன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஏளா, திருக்கைவால ஏன் எடுக்க? அது எதுக்கு? கோப்பையா அடியா, எது வேணும்னு என்னையவே கேக்கியா? எதுவானாலும் நம்பரு ஒண்ணுதான்னு சொல்லுதியா?

குனிஞ்சு என்னத்தப் பாக்க? நான் ஊதல. சத்தியமா இன்னும் ஊதல. பாரு மக்கா, நல்லாப் பாரு. கனமா இருக்கு. ஊதாமலே பன்னெண்டுல விழுது.